முந்நூற்றைம்பது மரத் தூரம்

முப்பத்தேழாவது மரத்தில் நிற்கும்போது அது வரும்.
கடையாலுமூட்டில் அந்நேரம் முழித்திருப்பது
நானும், நெற்றியில் கட்டிய விளக்கும்,
கீழ்ச்சரிவில் புஷ்பலீலாவின் இருமலும்.
அவள் எந்த வரிசையில் நிற்கிறாள் என்று
இருமலை வைத்துத்தான் சொல்ல முடியும்.

மலைக்கு மேல் ஒரு சிவப்பு மினுக்கம், பிறகு வெள்ளை.
சத்தம் பின்னால் வரும்,
வெட்டிய பட்டையில் பால் ஊறுவதுபோல
கொஞ்சம் யோசித்துவிட்டு.
நாற்பத்திரண்டாவது மரத்தில் கத்தி வைக்கும்போது
இலைகள் மூடிக்கொள்ளும்.
எங்கள் வானம் அதற்கு ஐந்து மரம்.

லாரன்ஸ் மகள் ஜெபிஷா போனில் தேடிச் சொன்னாள்:
“கொழும்புல இருந்து தோஹாவுக்குப் போவுது மாமி.
மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் சொச்சம்.
நாலேமுக்கால் மணிநேரம்.”

கிலோமீட்டர் எனக்குப் பிடிபடாது.
மார்த்தாண்டமே ஒருநாள் ஒரு மணிநேரம்,
பாலத்தடியில் பஸ் மாட்டினால்
அன்றைக்கு அது வேறு தேசம்.
ஆனால் நாலேமுக்கால் மணிநேரம் எனக்குத் தெரியும்.
அது என் பங்கு. முந்நூற்றைம்பது மரம்.
ரெண்டு இருபதுக்கு அங்கே சக்கரம் தரையை விடும்போது
இங்கே முதல் மரத்தில்
காய்ந்த ஒட்டுப்பாலைப் பிடித்து இழுப்பேன்,
ரப்பர் வாரைப்போல நீண்டு வரும்.
நூறாவது மரத்துக்குக் கடல்.
அதற்கப்புறம் இருநூறு மரம் வெறும் தண்ணீர்தான்.

ஜெபிஷா இன்னொன்றும் காட்டினாள்.
கிளம்புவது ரெண்டு இருபது.
சேர்வது நாலு முப்பத்தஞ்சு.
“அப்பம் ரெண்டேகால் மணிநேரந்தானே பிள்ளே?
எனக்க நூத்தி எண்பது மரத்த எவன் எடுத்தான்?”
சிரித்தாள். சூரியன் அங்கே பிந்தித்தான் வருமாம்,
அதனால் கடிகாரத்தைப் பின்னால் திருப்புவார்களாம்.
நான் சிரிக்கவில்லை.
எங்கள் மேஸ்திரியும் சனிக்கிழமை சம்பளத்துக்கு
இப்படித்தான் நோட்டைத் திருப்புவான்.

டிக்கெட் எவ்வளவு என்று கேட்டது என் தப்பு.
இருபத்தெட்டாயிரம்.
ஒரு மரத்துக்கு ரெண்டு ரூபாய்.
வாய்க்குள்ளே போட்டுப் பார்த்தேன்:
நாற்பது ராத்திரி நடந்தால்
ஒரு ராத்திரி பறக்கலாம்.
போக மட்டும். திரும்பி வர
மழையில்லாத இன்னொரு நாற்பது.

ஐப்பசியில் ஒருவாரம் வெட்டு இல்லை.
கட்டிலில் படுத்தபடி ஓட்டில் விழும் மழையைக் கேட்டேன்.
அதற்கு மேலே, மேகத்துக்கும் மேலே
அது போகிற சத்தம்.
மரம் இல்லாமல் எண்ணத் தெரியவில்லை.
பாதிக் கடலில் தூங்கிவிட்டேன்.

வெட்டு சாய்வாகத்தான் போகும்,
இடதில் உயரம், வலதில் பள்ளம்.
ஒவ்வொரு ராத்திரியும் ஒரு நூல் கனம் கீழே.
தோளுயரத்தில் தொடங்கியது
இப்போது என் இடுப்புக்கு வந்திருக்கிறது.
தரை தொட இன்னும் ரெண்டு மூன்று வருஷம்.
எந்த பைலட்டும் இவ்வளவு மெதுவாக
இறக்கியிருக்க மாட்டான்.
தொட்டதும் மரத்தின் மறுபக்கம்,
பழையபடி உயரத்திலிருந்து.

ஏழு ஐந்து.
கடைசிச் சிரட்டையைத் துடைத்து நிமிர்த்தி வைத்து
நெற்றிப்பட்டையை அவிழ்க்கிறேன்.
அங்கே அவர்கள் இடுப்புப்பட்டையை அவிழ்ப்பார்கள்,
இன்னும் விடியாத ஓர் ஊரில்.
கீழ்ச்சரிவிலிருந்து இருமலோடு ஏறி வருகிறாள் புஷ்பலீலா.
“எறங்கிட்டா?”
“எறங்கிட்டு.”
வெற்றிலையை நீட்டுகிறாள்.
ஒன்பதுக்குப் பால் எடுக்க வரவேண்டும்.